கல்மரப் பேச்சைக் கேட்காத சனிக்கிழமை

முதலில் வைத்தியம் பார்த்தது என் கைபேசிக்குத்தான், எனக்கு அல்ல. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் செய்த அசட்டுத்தனத்தை இன்னொருவர் செய்யாமல் இருந்தால் போதும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் வளர்மதி. வயது ஐம்பத்தைந்து. திண்டிவனத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் தனபால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் ஏலம் கூவுகிறவர். முப்பது வருடம் கூவிக் கூவி அவருக்கு மெதுவாகப் பேசுவது என்பதே மறந்துபோய்விட்டது. ஒரே மகள் கயல்விழி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். நான் பிளஸ் டூ வரை படித்தேன். மேலே படிக்கவேண்டும் என்று அழுது பார்த்தேன். கல்யாணம்தான் செய்து வைத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

நான்கு வருடம் முன்பு கயல்விழி ஒரு நல்ல கைபேசி வாங்கிக் கொடுத்து, வீட்டில் இருந்தபடியே அறிஞர்கள் பேசுவதைக் கேட்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பாம்புகள், நீதிமன்றங்கள், குடலுக்குள் வாழும் கிருமிகள், சோழர் காலத்து ஏரிகள் என்று எதையும் விடுவதில்லை. சோறு வடித்துக்கொண்டே வெள்ளிக் கோளுக்குப் போய்வந்திருக்கிறேன். கைபேசியை எவர்சில்வர் சொம்புக்குள் போட்டால் சத்தம் தூக்கிக் கேட்கும் என்று கண்டுபிடித்ததும் நான்தான். எந்த நாளில் எந்தப் பேச்சு என்று மாத நாட்காட்டியில் குறித்து வைப்பேன். இவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா, காலேஜுக்குக் கெளம்பியாச்சா?" என்பார். நான் அடுத்த பேச்சையும் குறித்து வைப்பேன்.

எல்லாவற்றிலும் எனக்கு உயிர் சனிக்கிழமைப் பேச்சு. ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவர் காலை பதினொரு மணிக்கு இணையத்தில் நேரடியாகப் பேசுவார். நாற்பது பேருக்குக் குறையாமல் கேட்போம். நம் பக்கத்துப் பாறைகளைப் பற்றிப் பத்து வாரம் பேசுவதாக அறிவித்திருந்தார். பெருமுக்கல் மலைக்கு மட்டும் ஒரு வாரம். சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கிய மலைதான். அது எப்படி வந்தது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? அவர் பேசி முடித்ததும் கிளியனூர் போகிற பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வழியில் தெரிந்த ஒவ்வொரு கரட்டையும் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு போனேன். எட்டாவது வாரம், மரமே கல்லாகிப்போன திருவக்கரைக் கல்மரங்கள். அதற்காகத்தான் காத்திருந்தேன். கேள்வி நேரத்தில் மட்டும் வாயைத் திறக்கமாட்டேன். பிளஸ் டூ படித்தவள் எதையாவது கேட்டு, நாற்பது பேர் முன்னால் அசடு வழியவேண்டுமா என்று ஒரு கூச்சம்.

ஆறாவது வாரம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, எழுந்ததும் ஒரு பேச்சைப் போட்டேன். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கூடவே ஒரு ரீங்காரம். கைபேசியின் ஒலிபெருக்கி கிழிந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். எனக்கு வலது காது சின்ன வயதில் சீழ் வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுந்த காது. பக்கத்தில் வந்து உரக்கப் பேசினால்தான் அதில் ஏதோ கொஞ்சம் விழும். நாற்பது வருடத்துக்கு மேலாக எனக்கு எல்லாமே இடது காதுதான். அந்தக் காது போகும் என்று கற்பனைகூட செய்ததில்லை. அதனால் கைபேசி மேல் பழி போட்டேன்.

பேருந்து நிலையத்தின் அருகே கைபேசி பழுது பார்க்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் தூரிகையால் துடைத்து, ஏதோ போட்டுக் கேட்டுவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று சைகை காட்டினார். நான் நம்பவில்லை. அவரோடு சண்டை போட்டுவிட்டு, புதிய இயர்போன் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதிலும் அதே கிணறு, அதே ரீங்காரம். மாலையில் இவர் வந்து வாசலில் நின்று ஏதோ சொன்னபோது வாய் மட்டும் அசைந்தது. அவர் குரலே கேட்கவில்லை என்றால் பழுது கைபேசியில் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

புரிந்த பிறகாவது ஓடினேனா? இல்லை. சளி அடைத்திருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை இரண்டு நாள் விட்டேன். பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை இரண்டு நாள் விட்டேன். சனிக்கிழமை ஏழாவது பேச்சு வந்தது. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்தேன். பேராசிரியர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கயல்விழி வீடியோவில் கூப்பிட்டு என்னைப் பார்த்ததும் அப்பாவிடம் சத்தம் போட்டாள் போலிருக்கிறது. திங்கட்கிழமை காலை இவர் மண்டிக்குப் போகவில்லை.

திண்டிவனத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் எண்ணெயை வழித்து எடுத்தார். பிறகு இரும்புக் கவை ஒன்றைத் தட்டி என் நடு நெற்றியில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். இதன் விளக்கத்தைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அடைப்பு இருக்கிற காது என்றால் அந்தக் காதில்தான் சத்தம் கூடக் கேட்கும். நரம்பு அடிபட்ட காது என்றால் சத்தம் அடுத்த காதுக்குப் போய்விடும். எனக்குக் கெட்டுப்போன வலது காதில்தான் கேட்டது. மருத்துவர் முகம் மாறியது. ஒரு தாளை எடுத்துப் பெரிதாக எழுதிக் காட்டினார். இது சளி இல்லை, காது நரம்புக்குத் திடீரென்று வந்த பாதிப்பு. பல நேரம் காரணம் தெரிவதில்லை. முதல் நாளே வந்திருக்கவேண்டும், இன்றே விழுப்புரம் போங்கள்.

திருச்சி நெடுஞ்சாலையில் அந்தப் பேருந்துப் பயணத்தை நான் மறக்கமாட்டேன். லாரிகள் சத்தமே இல்லாமல் எங்களைத் தாண்டிப் போயின. நடத்துநர் வந்து நின்று விரலை மடக்கி என் கண் முன்னால் ஆட்டினார். பயந்துபோனேன். அதற்கு வேறு வார்த்தை இல்லை. இனிமேல் யாரும் எனக்கு எதையும் சொல்லித் தரமாட்டார்கள், இரண்டாவது முறையும் என் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று தோன்றியது. இவர் என் கையைப் பிடித்தார். நான் உதறிவிட்டேன்.

விழுப்புரம் மருத்துவமனையில் முதலில் செவித்திறன் சோதனை. வெளிச்சத்தம் நுழையாத ஒரு சின்ன அறை. தலையில் ஒரு கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். எவ்வளவு மெல்லிய ஒலி கேட்டாலும் பொத்தானை அழுத்தவேண்டும். நான் அழுத்தத் தயாராகவே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனை தொடங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவள் கதவைத் திறந்து, பாதி முடிந்துவிட்டது என்று சைகை காட்டினாள். வரைபடத்தில் என் இடது காதின் கோடு மேலே தொடங்கவேண்டியது, அடியில் படுத்துக் கிடந்தது.

எனக்கு வைத்தியம் பார்த்தவர் ஒரு பெண் மருத்துவர். பொறுமைசாலி. எல்லாவற்றையும் எழுதிக் காட்டினார். நரம்பின் வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை. எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அந்த மாத்திரை சர்க்கரையைக் கன்னாபின்னாவென்று ஏற்றிவிடும். அதனால்தான் படுக்கவைத்து, இன்சுலின் போட்டுக் கவனிக்கவேண்டும். நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு ஸ்கேன். கூடவே செவிப்பறை வழியாகக் காதுக்குள்ளேயே ஊசி. அந்த ஊசியைப் பற்றிப் படித்தவுடன் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். உண்மையில் மரத்துப்போக மருந்து விட்டுவிடுகிறார்கள். சுருக்கென்று ஒரு குத்து, பிறகு காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடுவதுபோல் ஒரு தலைச்சுற்றல். அவ்வளவுதான். அதன்பிறகு அரை மணி நேரம் காதை மேலே வைத்துப் படுத்திருக்கவேண்டும், பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது. விழுங்கக்கூடாது என்று சொன்ன பிறகுதான் வாயில் எச்சில் ஊறும்.

காது திரும்பிவிடுமா என்று எழுதிக் கேட்டேன். சிலருக்கு முழுதாகத் திரும்பும், சிலருக்குப் பாதி, சிலருக்குத் திரும்பாது, ஒரு வாரம் போகட்டும் என்று எழுதினார். பொய் சொல்லாததற்காக அவரைப் பிடித்துப்போனது. ஆனால் 'திரும்பாது' என்ற அந்த வார்த்தையை விட்டு என் கண் நகரவில்லை.

வார்டில் முதல் நாளே இவர் என் வலது காதருகே குனிந்து ஏதோ பேச, வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. செவிலியர் ஓடிவந்து இவரைத் திட்டினார். அன்றிலிருந்து இவரும் எழுதித்தான் பேசினார். மண்டியில் சீட்டு எழுதுகிற கை. 'இட்லி வேணுமா', 'சக்கரை எறங்கிச்சு', 'கயலு போன் பண்ணா' என்று ஒரு சீட்டுக்கு மேல் போகமாட்டார். கேப்பைக் களி கேட்டேன் என்று எங்கிருந்தோ வாங்கிவந்து, மருத்துவரிடம் போய் அனுமதியும் வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு உப்பு இல்லை என்று தள்ளிவிட்டேன். அந்த வாரம் நான் நல்ல மனுஷியாக இல்லை. சொல்லித்தான் ஆகவேண்டும்.

புதன்கிழமை என் நாத்தனார் பார்க்க வந்தார். என்னைப் பார்த்துவிட்டு இவரிடம் நீளமாக ஏதோ சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் போன பிறகு, என்ன சொன்னார் என்று விடாமல் கேட்டேன். இவர் எழுதமாட்டேன் என்று மறுத்துப் பார்த்தார். கடைசியில் எழுதினார்: 'எப்பப் பாத்தாலும் காதுல மாட்டிக்கினு கெடந்தா காது போவாம இன்னா பண்ணும்னு கேக்குது.'

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

இவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நான்தான் என் காதைக் கெடுத்துக்கொண்டேனா என்று மருத்துவரிடம் கேட்டேன். இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை இவர் கண்ணில் படும்படி தலையணை மேல் வைத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனால் கைபேசியைப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் கோட்டக்குப்பத்து நூர்ஜஹான் அக்கா. காதில் அறுவை முடிந்து தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார். மகன் துபாயில். அவரும் நானும் ஒரு வார்த்தை பேசாமல் நல்ல சிநேகிதர்கள் ஆனோம். தன் வீட்டிலிருந்து வருகிற சாப்பாட்டில் எனக்கு ஆகுமா ஆகாதா என்று செவிலியரிடம் காட்டிக் கேட்டு, ஆகும் என்றதை மட்டும் என் தட்டில் வைப்பார்.

சனிக்கிழமை வந்தது. இரண்டு ஊசி முடிந்தும் ஒரு மாற்றமும் இல்லை. கல்மரப் பேச்சு பதினொரு மணிக்கு. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இவர் தோளைத் தொட்டு ஒரு சீட்டை நீட்டினார்.

'இன்னிக்கி உன் கிளாஸ். நான் கேட்டு எழுதிக்கினு வர்றேன். எதனா கேக்கணுமா?'

எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருடம் கிண்டல் செய்துவிட்டு இப்போது என்ன கருணை? ஆனாலும் மனதில் வெகுநாளாக ஒரு கேள்வி இருந்தது. திருவக்கரை காளி கோயிலுக்கு எத்தனை முறை போயிருக்கிறோம். அந்தக் கல்மரங்களைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. வெடுக்கென்று சீட்டை வாங்கி எழுதினேன்: 'கல்மரத்தைத் தட்டினால் மரச் சத்தம் வருமா, கல் சத்தம் வருமா?'

வார்டுக்குள் என் கைபேசியில் இணையம் கிடைக்கவில்லை. நூர்ஜஹான் அக்கா விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் கைபேசியிலிருந்து இணைப்புக் கொடுத்து, கட்டோடு எழுந்து இவருடன் தாழ்வாரத்துக்கே போய்விட்டார். கதவுக் கண்ணாடி வழியாக இவர் முதுகு தெரிந்தது. சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். கடைசியில் கை நீட்டிப் பேசுவது தெரிந்தது. திரும்பி வந்தபோது அக்கா நேராக என்னிடம் வந்து, என் முகவாயைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. பேராசிரியர் அவ்வளவு அருமையாகப் பேசினாரா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

இவர் நான்கு தாள் கொடுத்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

'மரம் அங்க மொளைச்சது இல்ல. ஆத்துல அடிச்சிக்கினு வந்தது. மண்ணு மூடிச்சு. உள்ள தண்ணி எறங்கி, மரம் கொஞ்சம் கொஞ்சமா போயி அந்த எடத்துல கல்லு குந்திகிச்சு. ஆனா அச்சு அப்படியே கீது. பட்டை, கணுவு எல்லாம். கேள்வி கேட்டேன். கல்லுச் சத்தம்தான்னாரு. ணங்குன்னு வருமாம். சார் நல்ல மனுஷன். சரக்கு சுத்தம்.'

ஒரு மணி நேரப் பேச்சை ஏலச்சீட்டாக ஆக்கிவிட்டாரே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு அன்றைக்கு மட்டும் அதைப் பத்து முறை படித்தேன். 'குந்திகிச்சு' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

மூன்றாவது ஊசிக்கு அடுத்த நாள் காலை, எங்கேயோ தட்டு கழுவுகிற சத்தம். நான் கவனிக்கவே இல்லை. காதில் விழுகிறது என்பது சிறிது நேரம் கழித்துத்தான் உறைத்தது. வலது காதைக் கையால் பொத்திக்கொண்டேன். அப்போதும் கேட்டது. தகரத்தைச் சுரண்டுவதுபோல் கோரமாக இருந்தது. அந்த அழகான சத்தத்துக்காக எழுந்து உட்கார்ந்து அழுதேன். இவர் பதறிப்போய்ச் செவிலியரைக் கூப்பிட ஓடினார்.

மறுபடியும் அந்தச் சின்ன அறை, அந்தப் பொத்தான். இந்த முறை அழுத்துவதற்கு வேலை இருந்தது. படுத்துக் கிடந்த கோடு பாதிக்கு மேல் எழுந்திருந்தது. கூர்மையான ஒலிகள் இன்னும் கேட்கவில்லை. ரீங்காரமும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. முழுதாகத் திரும்பாமல் போகலாம், ஆனால் பேச்சு புரியும் அளவுக்கு இந்தக் காது உதவும், வலது காதுக்குப் பிறகு ஒரு கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். பத்தாவது நாள் அனுப்பிவிட்டார்கள். காப்பீட்டு அட்டை பெரும்பகுதியைப் பார்த்துக்கொண்டது. மிச்சத்துக்கான ரசீதை இவர் என் கண்ணில் காட்டவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று ஒரு காது கேட்கவில்லை என்றால் எண்ணெய் விடாதீர்கள், சளி என்று காத்திருக்காதீர்கள், கைபேசிக் கடைக்குப் போகாதீர்கள். அன்றே காது மருத்துவரைப் பாருங்கள். நான் தவறவிட்ட அந்த ஆறு நாட்கள்தான் திரும்பாமல் போன என் மீதிக் காது என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவர் அப்படி அறுதியிட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு கைபேசியைத் தொடவே தயக்கமாக இருந்தது. பேச்சைப் பற்றி நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நாத்தனார் சொன்னது எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை, சனிக்கிழமைப் பேச்சு கேட்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழைய பேச்சுகளின் பதிவை யாரோ போட்டார்கள். வீட்டில் யாரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, எட்டாவது பேச்சைத் திறந்து கைபேசியை இடது காதோடு ஒட்டி வைத்தேன். பேராசிரியரின் குரல் மூக்கடைத்தவர் குரல்போல வந்தது. ஆனால் வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. ஆறு, மண், தண்ணீர், கல் என்று நான்கு தாளில் இருந்த எல்லாமே வரிசை தப்பாமல் வந்தன. எதையும் இவர் விட்டுவிடவில்லை. கடைசியில் கேள்வி நேரம். திடீரென்று என் காதைக் கிழித்துக்கொண்டு இவர் குரல்.

திண்டிவனம் மண்டியில் ஏலம் கூவுகிறவன் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு, என் பெயரைச் சொல்லி, எனக்குக் காது போய் ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்லி, என் கேள்வியைக் கேட்டார். பேராசிரியர் வருத்தப்பட்டுவிட்டுப் பதில் சொன்னார். வேறு ஏதாவது கேட்கவேண்டுமா என்றார். இவர் மறுபடி பேசினார். மண்டிக் குரல் இல்லை அது. இவருக்கு இப்படி மெதுவாகப் பேசவரும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

"ஒண்ணு கேக்கணும் சார். நீங்க பேசுறத எல்லாம் எடுத்து வெச்சிருப்பீங்க இல்ல, அத அழிச்சிடாதீங்க. பேச்சு கேட்டுக் கேட்டுத்தான் அவங்களுக்குக் காது போச்சுன்னு சொல்றாங்க. அது கெடக்கட்டும் சார். நான் நேரா கேட்டா எனக்கு ஏறாது. அவங்க கேட்டுட்டு வந்து, சோறு போட்டுக்கினே சொல்லுவாங்க, அது ஏறும். வெளியில நாலு பேருகிட்ட நான் பேசுற விஷயம் எல்லாம் அவங்க சொன்னதுதான் சார். இப்ப வீட்ல பேச்சே இல்ல. சோறு எறங்க மாட்டேங்குது. காது வந்துடும். வரலன்னா நானே குந்தி ஒண்ணொண்ணா கேட்டு எழுதிக் குடுக்குறேன். எனக்கு எழுத்து ஜல்தியா வராது சார். அதான், ஒரு ரெண்டு வருசத்துக்கு அழிக்காம வெச்சிருங்க."

நான் சோறு போட்டுக்கொண்டே பேசும்போது இவர் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். உம் என்றுகூடச் சொன்னதில்லை. சுவரோடு பேசுகிறோம் என்றே நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

பதிவை அங்கேயே நிறுத்திவிட்டு இவர் எண்ணுக்குப் போன் செய்தேன். மண்டிக் கணக்குப்பிள்ளைதான் எடுத்தார். ஏலம் நடக்கும்போது இவர் கைபேசி அவரிடம்தான் இருக்கும்.

"அண்ணன் கூவிக்கினு கீறாருக்கா. வெச்சிடுங்க, முடிச்சதும் பேசச் சொல்றேன்."

வைக்கவேண்டாம், அவர் பக்கம் திருப்பி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். மூட்டைகள் இழுபடுகிற இரைச்சலுக்கு மேலே இவர் குரல் எழுந்தது. முப்பது வருடத்தில் இவர் ஏலம் கூவி நான் கேட்டதே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கடைசி மூட்டை விற்கிறவரைக்கும் கேட்டேன்.